பழஞ்சட்ட நூல்களும் மறுபதிப்பும்: தேசவழமையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கொழும்பு – கண்டி வீதியில் வரக்காப்பொலவைக் கடந்து செல்லும் ஒருவனது கண்ணுக்கு அங்கே ஒரே நிலந்தான் தோன்றும். வயலும் தென்னையும் வீதியோரத்துப் பிரம்புப் பொருட் கடைகளும், அவற்றுக்கப்பால் இறப்பர் மரங்களும். சட்டத்தின் கண்ணுக்கோ அது ஒரே நிலமன்று. கிராமத்துக் கண்டிச் சிங்களவரின் வாரிசுரிமையைக் கண்டியச் சட்டம் வரையறுக்கிறது. முஸ்லிம் வணிகருக்கு அவர்தம் சட்டம் உண்டு. யாழ்ப்பாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழர் ஒருவர் அங்கு கடை வைத்திருப்பாராயின் தேசவழமை அவரைப் பின்தொடர்ந்து வரும். இறப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழும் தமிழருக்கு இவற்றுள் எதுவுமில்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்புலமான உரோம – ஒல்லாந்தச் சட்டமுமே அவர்க்குரியவை.

இத்தகைய லயமொன்றிற் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன் நூலகத்திலே தேசவழமையின் பழைய பதிப்பொன்றைக் கையிலெடுப்பதாகக் கொள்வோம். ‘தமிழரின் சட்டம்’ என்று பலராலும் பெருமையுடன் சுட்டப்படும் நூல் அது. தன் மூதாதையர் வாழ்ந்த நெறி இதுவே என அவன் எண்ணினால் அவனைக் குறை கூறுவதற்கில்லை. அவ்வாறன்று என்பதை அவனுக்கு உணர்த்தும் முன்னுரை நூலில் இல்லாதபோது குறை பதிப்பித்தவரையே சாரும். பழஞ்சட்ட நூல்களை இக்கால வாசகர்க்கு மறுபதிப்புச் செய்வோர் எதிர்கொள்ள வேண்டிய முதல் வினா இதுதான். இலக்கியம் காலங்கடந்தும் இலக்கியமாகவே நிற்கும். சட்டமோ தான் யாரை ஆண்டது, எப்போது ஆண்டது, இன்றும் ஆள்கின்றதா என்ற செய்திகள் இல்லாதவிடத்துத் தவறாகவே வாசிக்கப்படும்.

தேசவழமை உருவான வரலாறே இதற்குத் தக்க சான்று. ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸின் பணிப்பின்பேரில் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்து 1707இல் நிறைவு செய்தார். மூலம் ஒல்லாந்த மொழியிலானது. யான் பிரூஸ் என்பார் அதனைத் தமிழாக்க, பன்னிரு முதலியார்கள் அத்தமிழைப் படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்தனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்கு முழுமையான சட்ட வலுவைத் தந்தனர். ஆகவே, ‘தேசத்தின் வழமை’ எனப்படுவது ஓர் அந்நிய அதிகாரி கேட்டறிந்து எழுதியதும் உள்ளூர் மேலோர் பன்னிருவர் சரியெனச் சான்று பகர்ந்ததுமாகும். அதனால் அது பொய்யாகிவிடாது. எனினும் யாருடைய வாயிலிருந்து வந்த வழமை என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அப்பன்னிருவருள் நிலமற்றவரோ பெண்களோ இருந்திலர்.

ஒல்லாந்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பெயர்ந்த இந்நூலை, ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழாக்கி அச்சிட முற்படுவோர் சொற்களில் இடறுவர். ஆங்கிலப் பதிப்பிலே முதுசம் என்பது ‘மொடிசியம்’ என உருத்திரிந்து காணப்படுகிறது. இதனை எவரும் எளிதில் திருத்திவிடலாம். சீதனம் அத்தகையதன்று. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல்லைக் கண்டு ‘வரதட்சணை’ என எழுதிவிட்டால் நூலின் அடிப்படையே சிதைந்துவிடும். வரதட்சணை மணமகன் வீட்டாரைச் சென்றடையும் பொருள். தேசவழமையின் சீதனமோ பெண்ணுக்குரிய சொத்து. தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தம்பதியர் மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் இருபாலார்க்கும் செல்வது பண்டைய முறையென நூல் கூறுகின்றது. கூறிய அளவில் நின்றுவிடாது, போர்த்துக்கேயர் காலந்தொட்டு அம்முறை மாறிவிட்டதையும் பதிவு செய்கின்றது. தன் காலத்திலேயே வழமை நெகிழ்ந்துவிட்டதை ஒப்புக்கொள்ளும் நூலொன்றை, மாறாத மரபின் கல்வெட்டாக அட்டையிற் போற்றுவது அந்நூலையே படியாதவர் செய்யும் செயல் எனலாம்.

மறுபதிப்பாளரின் நேர்மையை மிகவும் சோதிக்கும் பகுதி அடிமைகளைப் பற்றியதாகும். தேசவழமை கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்போரை அடிமைகளாக வகுத்து, அவர்தம் உடைமையும் மணமும் எசமானருக்கு எவ்வாறு கட்டுப்பட்டன என்பதை ஒளிவு மறைவின்றிக் கூறுகிறது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனவே இப்பகுதி இக்கால வாசகர்க்கு வேண்டாதது, சாதியார் மனம் புண்படும், நீக்கிவிடலாம் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் கருணையின் தோற்றங் கொண்டது, விளைவோ கொடியது. சீதனமும் தேடியதேட்டமும் பேசும் பக்கங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு இப்பக்கங்களைக் கிழித்தெறிந்தால், நிலவுடைமையாளர் தமக்குள் எத்துணை நீதியாகச் சொத்தைப் பங்கிட்டனர் என்ற இனிய கதை மட்டுமே மிஞ்சும். அந்நிலத்தை உழுதவரின் கதை மறைந்துபோகும். அதற்காக, விளக்கமேதுமின்றி அப்பக்கங்களை அவ்வாறே அச்சிட்டு அனுப்புவதும் தகாது. அச்சேறிய சட்டத்திற்கு ஓர் அதிகாரத் தோரணை உண்டு; பழைய எழுத்துருவும் மஞ்சள் நிறத் தாளும் அதனை மிகுவிக்கும். பக்கத்தின் அடியிலே 1844 என்ற ஆண்டும் அது நிகழ்ந்த வகையும் இரண்டு வரிகளிலேனும் இடம்பெறுதல் வேண்டும். நீக்குவோரையும் வாளாவிருப்போரையும் ஒப்பிடின் நீக்குவோரே பெரிதும் தவறிழைப்பவர். வாளாவிருந்தவரின் பிழையைப் பின்வருவோர் திருத்த இயலும். நீக்கப்பட்டது போனது போனதுதான்.

இவ்வகையில் முன்னோடியாகக் கொள்ளத்தக்க பதிப்பு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே வெளிவந்துவிட்டமை வியப்பைத் தருவதாகும். 1862இல் எச். எப். முத்துக்கிருஷ்ணா கொழும்பில் வெளியிட்ட தேசவழமைப் புதுப்பதிப்பு மூலத்தோடு நின்றுவிடவில்லை. நீதிமன்றங்கள் அம்மூலத்தை எவ்வாறு பொருள்கொண்டன என்பதைத் தீர்ப்புகளின் துணைகொண்டு காட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழகத்திலே மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையான மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என அளித்தார். ‘பிரதாப முதலியார் சரித்திரத்தை’ அறிந்த மாணவர் பலர். இதனை அறிந்தவர் சிலரே. இருவரும் சட்டத்தை அதன் செயற்பாட்டோடு சேர்த்து வாசகர் முன் வைத்தனர். முத்துக்கிருஷ்ணாவின் பதிப்பையே இன்று எவ்விதச் சேர்க்கையுமின்றி நிழற்படி எடுத்து வெளியிட்டால் அவர் செய்ததற்கு நேர்மாறானதையே செய்தவராவோம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் பழைய ஏற்பாட்டைப் பெரிதும் மாற்றியது. கணவனின் எழுத்துமூலமான இசைவின்றி மனைவி தன் அசையாச் சொத்தை உயிரோடிருக்கையிற் கையளிக்க முடியாதென விதித்ததும் அதுவே. 1947இல் அதற்குத் திருத்தம் வந்தது. முன்கொள்வனவு உரிமைக்கெனத் தனிச் சட்டமும் அவ்வாண்டே எழுந்தது. இவையொன்றும் 1862க்குத் தெரியாதவை.

நிழற்படிப் பதிப்புகளை முற்றாக இகழ்வதும் முறையன்று. 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தகைய இழப்பைக் கண்ட ஒரு சமூகத்தில், நூல் எவ்வடிவிலேனும் பிழைத்திருப்பதே பேறு என எண்ணுவது இயல்பு. 2005 முதல் ‘நூலகம்’ எண்ணிம முயற்சி ஈழத்துத் தமிழ் நூல்களைத் திரட்டி வருவதும், புதுதில்லி ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் இலங்கை பற்றிய பழைய ஆங்கில நூல்கள் பலவற்றை மறுபதிப்புச் செய்ததும் நன்றியோடு நினைக்கத்தக்கன. ஆயினும் பேணுதல் வேறு, பதிப்பித்தல் வேறு. சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்துக்கும் கலித்தொகைக்கும் ஏடு தேடியலைந்து பாடம் ஒப்பிட்டார். அவரே சட்டம் பயின்றவர், புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தவர். அந்த நீதிபதியின் கையிலிருந்து இலக்கியத்துக்குக் கிடைத்த உழைப்பிற் பத்திலொன்றேனும் நம்மவர் சட்ட நூல்களுக்குக் கிடைத்திருப்பின் இன்றைய நிலை வேறாக இருந்திருக்கும்.

இனி, எவ்வெந் நூல்கள் மறுபதிப்புக்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றன என்பதும் சிந்தனைக்குரியது. ஜோன் டொயிலி கண்டி அரசின் அமைப்பைப் பற்றி எழுதிய சுருக்கம் அவர் இறந்து பதினோராண்டுகளின் பின்னர் 1835இல் அச்சேறி, 1929இல் கொழும்பில் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. சத்தர கோறளையும் அதனுள் அடங்கிய பெலிகல் கோறளையும், அதாவது இன்றைய வரக்காப்பொலச் சூழலும், அவர் விவரித்த அரசின் பகுதிகளே. ‘நீதி நிகண்டுவ’ 1880இல் லெமெசூரியராலும் பானபொக்கையாலும் ஆங்கிலமாக்கப்பட்டது. கிராமத்தவனுக்குத் தன் பழஞ்சட்டத்தைத் தேடிச்செல்ல வழியுண்டு. யாழ்ப்பாணத்தவனுக்கும் உண்டு. அதே வரக்காப்பொலத் தோட்டத்திற் பால் வெட்டியவனுக்கோ? நிலமே இல்லாதவனுக்கு முதுசமேது, ஒற்றியேது என்று கேட்டு இவ்வினாவைத் தட்டிக்கழிக்க முடியாது. அவனையும் சட்டம் ஆண்டது; மிகக் கடுமையாகவே ஆண்டது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், வாய்ச்சொல்லால் வேலைக்கமர்ந்தவனையும் மாதாமாதம் தானே புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தினாற் கட்டிவைத்தது. அறிவித்தலின்றித் தோட்டத்தை நீங்கியவன் கடமை தவறியவன் மட்டுமல்லன், குற்றவாளி. அவனுக்குச் சிறையும் உண்டு. 1889இன் 13ஆம் இலக்கச் சட்டம் ‘இந்தியக் கூலிகள்’ என்ற பெயரிலேயே அவர்தம் சம்பளத்தையும் கடமையையும் வகுத்தது. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’, தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடனோடு கைமாற்றியது. 1921இன் 43ஆம் இலக்கச் சட்டமே அதனை ஒழித்தது. குறைந்தபட்ச வேதனம் 1927இன் 27ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டையே அவரிடமிருந்து பறித்தது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அக்கதை நீண்டது. இப்பிரிவுகளை ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளிற் காணலாம். தமிழ் வாசகன் தொடர்ச்சியாகப் படிக்கத்தக்க, விளக்கத்தோடு கூடிய ஒரு தொகுதியாக அவற்றைத் தருவதன் தேவை தேசவழமையின் இன்னொரு நிழற்படிக்குள்ள தேவையிலும் பெரிது.

சட்டத்தோடு சங்கத்தின் எழுத்தும் சேர்தல் வேண்டும். 1931இல் அட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், துண்டுப் பிரசுரங்களாலும் பத்திரிகையாலும் நாடகத்தாலும் தொழிலாளர்க்கு அவர்தம் உரிமையைக் கற்பித்தார். மனைவி மீனாட்சியம்மையின் பாடல்கள் அதனையே இசையிற் கூறின. சாரல்நாடன் 1988இல் வெளியிட்ட ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ அவ்வெழுத்துகளின் பரப்பைத் தமிழுலகுக்கு உணர்த்திய நூல். கட்டளைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் அதற்கு எதிராக எழுந்த சங்கப் பிரசுரத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் பதிப்பித்தால், முத்துக்கிருஷ்ணா தீர்ப்புகளைக் கொண்டு சாதித்ததை இங்கே தொழிலாளரின் குரலைக் கொண்டு சாதித்தல் கூடும்.

அத்தகைய பதிப்பில் அரும்பதவுரையும் இன்றியமையாதது. ‘துண்டு’, ‘பற்றுச்சீட்டு’, ‘பெரட்டு’, ‘பேர்’, ‘தலைக்காசு’ முதலிய சொற்களை அகராதியில் மட்டும் தேடுபவன் ஏமாறுவான். ஒரு நாள் வேலைக்குச் செக்குரோலில் இடப்படும் குறியை முழுப்பேர், அரைப்பேர் எனத் தோட்ட வழக்கிற் கூறுவர். அரைப்பேர் என்றால் அரைநாட் கூலி. இதனைச் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பதிப்பிப்பவர் ஒருவரது பெயரின் பாதியென்றே குறித்துவிடக்கூடும். வரக்காப்பொலையின் லயங்களில் முதியோர் இருக்கின்றனர். அரும்பதவுரை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.