செவியுள் நிகழும் போர் — ‘வந்து பார்’ திரைப்படம் குறித்து

போர்த் திரைப்படங்களுட் பெரும்பாலானவை குண்டுவீச்சைக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றன. குண்டு வீழ்ந்த பின்னர் அதனருகே கிடந்தவனின் காதுக்குள் நிகழ்வது யாது என அவை வினவுவதில்லை. சோவியத் நெறியாளர் எலெம் கிளிமொவின் ‘வந்து பார்’ (1985) அவ்வினாவிலேயே வேரூன்றியது. 1943இல் நாசிப் படைகளின் ஆக்கிரமிப்பிலிருந்த பெலாரஸ். மணலைத் தோண்டித் துப்பாக்கியொன்றைப் பெற்று, தாயின் கதறலையும் மீறிக் கெரில்லாப் படையிற் சேரும் சிறுவன் புளோரியா. கதையெனத் தக்கது இவ்வளவே.

முகாமில் விட்டுச்செல்லப்பட்ட புளோரியாவின் அருகே குண்டுகள் வீழ்கின்றன. அக்கணத்தோடு படத்தின் ஒலிப்பதிவு அவனது செவியாக மாறிவிடுகின்றது. இடையறா ரீங்காரம், நீருக்கடியிலிருந்து வருவன போன்ற பேச்சொலிகள். பார்வையாளனும் செவிடனாகின்றான். பின்னர் அவன் கிளாஷா என்னும் பெண்ணுடன் தன் வீட்டை அடைகின்றான். அடுப்பில் சூடாறாத உணவு, தரையிற் பொம்மைகள், ஈக்களின் இரைச்சல். தாயும் தங்கையரும் தீவில் ஒளித்திருப்பர் எனக் கூறி ஓடுகின்றான். கிளாஷா மட்டும் திரும்பிப் பார்க்கின்றாள்: சுவரோரம் பிணக்குவியல். கமரா அதனைக் கணநேரமே காட்டுகின்றது. புளோரியா திரும்பவேயில்லை. அறிந்துவிட்ட ஒன்றை அறியாதிருக்க மனம் படும் பாட்டை, உரையாடல் எதுவுமின்றி, இவ்வளவு துல்லியமாகக் காட்டிய போர்ப்படங்கள் மிகச் சிலவே.

கிராமத்தவரை மரக்கட்டடத்துள் அடைத்துத் தீயிடும் நீண்ட பகுதியே பலராலும் பேசப்படுவது. அதனை மிகையெனத் தள்ளுதல் பொருந்தாது. கிளிமொவுடன் திரைக்கதை எழுதிய அலெஸ் அடமோவிச் இளவயதிற் கெரில்லாவாக இருந்தவர். எரிக்கப்பட்ட கிராமங்களில் உயிர்தப்பியோரின் வாக்குமூலங்களைத் தொகுத்தவர்களுள் ஒருவர். 628 பெலாரஸ் கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன எனப் படமே இறுதியில் அறிவிக்கின்றது. எனினும் கலைநோக்கில் குறையொன்று உண்டு. இங்கே கமரா சிறுவனை விட்டகன்று, கொலைஞரின் களியாட்டத்திலும் தளபதி வளர்க்கும் தேவாங்கிலும் நெடுநேரம் நிலைக்கின்றது. அதுவரை உள்ளிருந்து கேட்ட போர் வெளியிருந்து காணும் காட்சியாகிவிடுகின்றது.

படம் நெடுகச் சுடப்படாதிருந்த துப்பாக்கி, சேற்றுநீரிற் கிடக்கும் ஹிட்லரின் படத்தை நோக்கியே முதன்முதல் வெடிக்கின்றது. ஒவ்வொரு வேட்டோடும் செய்திப்படத் துணுக்குகள் பின்னோக்கி ஓடுகின்றன: அணிவகுப்புகள், கூட்டங்கள், முன்னைய யுத்தம். தாயின் மடியில் ஹிட்லர் குழந்தையாகத் தோன்றும்போது விரல் அசைய மறுக்கின்றது. இத்துணுக்குகளைக் காட்டுச் சிறுவனொருவன் எங்ஙனம் அறிவான் என வினவலாம், வினவுதல் நியாயமே. அங்கே பேசுபவர் நெறியாளர். ஆனால், விரல் நின்றதும் திரையை நிறைக்கும் முகம் புளோரியாவினுடையது. சில நாட்களுள் முதுமை எய்திச் சுருங்கிவிட்ட அம்முகத்தில் கருணையைத் தேடுவோர் உளர். சுட இயலாமை மட்டுமே அங்குத் தெரிகின்றது. அது கருணைதானா என்பதைக் கிளிமொவ் சொல்லாமல் விடுகின்றார். புளோரியா எழுந்து, நகர்ந்து செல்லும் படையணியை நோக்கி ஓடுகின்றான்.