வாடகையா, கூலியா?

வீட்டுக்கு வாடகை உண்டு. வண்டிக்கு வாடகை உண்டு. பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் உண்டு. மனிதருக்கு? மனிதரின் உழைப்புக்குத் தருவது கூலி, வாடகையன்று!

இந்த வேறுபாட்டை வாலாஜாபாத்திலும், அதையடுத்த அய்யம்பேட்டையிலும் தறி முன் அமர்ந்திருக்கும் எந்த நெசவாளியும் அறிவார். பாவும் ஊடையும் சரிகையும் பிறர் கொடுத்தவை. நெய்து முடித்த சேலையும் பிறருக்கே போகிறது. எனினும், கூலிக்கு நெய்பவரை 'வாடகைத் தறி' என்று எவரும் அழைத்ததில்லை. பிறர் கருவைப் பத்துத் திங்கள் சுமந்து பெற்றுத் தருபவளுக்கோ நாம் சூட்டிய பெயர் 'வாடகைத் தாய்'! உயிருள்ள பெண்ணை ஒண்டுக்குடித்தன வீடாக்கிய சொல் இது. ஏடுகளும் எழுதுகின்றன; சட்டத்தின் தமிழ்ப் பெயரிலும் ஏறி அமர்ந்துவிட்டது.

அறிவியலைப் பழிக்கவில்லை நாம். ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை பிறக்கும் காலம் வரும் என்று 'இனிவரும் உலகம்' நூலில் பெரியார் சொன்னது 1940களில். இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது 1978இல். நகைத்தவர் நாணினர்! குற்றம் கருவியில் இல்லை. அதைக் கையாளும் சமுதாயத்தில் இருக்கிறது.

2021இல் இயற்றப்பட்டு, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் என்ன சொல்கிறது? சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குட்பட்டவளாய், மணமானவளாய், ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவளாய் இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். மருத்துவச் செலவு உண்டு. 36 திங்களுக்குக் காப்பீடு உண்டு. ஊதியம் மட்டும் கூடாது! மருத்துவருக்குக் கட்டணம், ஆய்வுக்கூடத்துக்குக் கட்டணம், வழக்கறிஞருக்குக் கட்டணம். வயிற்றில் சுமந்தவளுக்குத் 'தியாகி' என்ற பட்டம்!

விலை பேசத் தொடங்கினால் ஏழைப் பெண் சரக்காகிவிடுவாள் என்பர். அந்த அச்சம் வீண் அச்சமன்று. ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைப் பலமுறை விற்ற கொடுமை 2022இல் வெளிவந்ததே! தரகனை ஒடுக்குக, சிறை வைக்க, நாம் குறுக்கே நிற்கமாட்டோம். ஆனால், தரகனின் குற்றத்துக்குச் சுமந்தவளின் கூலியையா பறிப்பது? திருடன் வந்தான் என்பதற்காக நெசவாளியின் கூலியை நிறுத்துவாருண்டோ?

சேலை நெய்வதும் சேய் சுமப்பதும் ஒன்றா என்று கேட்பர். ஒன்றல்ல. தறியில் உயிர் போகும் இடரில்லை, பேற்றில் உண்டு. ஆகவேதான் அவளுக்குக் கூடுதல் காப்பு வேண்டும் என்கிறோம். ஓராண்டு தறியை விட்டு இறங்குபவள் இழக்கும் கூலியை யார் தருவது? அன்பின் பெயரால் நாத்தனாரும் மாமியாரும் நெருக்கினால், 'மாட்டேன்' என்று சொல்லும் துணிவை யார் தருவது? பணம் கைமாறாத இடத்திலும் அடிமைத்தனம் உண்டு. அதற்குக் குடும்பப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தரகரில்லாமல், அரசின் கண்காணிப்பில், முறையான ஈட்டுத்தொகை அவள் பெயருக்கே சேரட்டும். இசைவோ மறுப்போ, முடிவு அவளுடையதாகட்டும். அதற்கு முன், அந்தச் சொல்லை மாற்றுவோம். சுமந்தவளைச் 'சுமந்த தாய்' என்போம்.

வீட்டுக்கு வாடகை இருக்கட்டும். பெண் வீடல்லள்!