ட்ரியெஸ்டில் ஒரு டியூஷன் வாத்தியார்

ஜாய்ஸ் பெயரைச் சொன்னதும் நம்மவர்கள் 'நனவோடை' என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் நாடு துறந்த கலைஞன், வறுமை, தணிக்கை, கண் வியாதி என்று நாலு சங்கதிகளைச் சேர்த்து ஒரு தியாகியைச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தியாகி பத்து வருஷத்துக்கு மேல் எதை விற்றுச் சாப்பிட்டார் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. இங்கிலீஷை விற்றார். மணிக்கணக்குப் பேசி விற்றார். வாழ்க்கை வரலாற்றுக்காரர்களிடம் விட்டுவிட வேண்டிய உதிரித் தகவல் என்று இதை நான் நினைக்கவில்லை. அவர் எழுத்துக்கு உள்ளேயே இது இருக்கிறது.

1904 அக்டோபரில், 22 வயதில், நோராவுடன் டப்ளினை விட்டுக் கிளம்பியபோது ஸூரிச்சின் பெர்லிட்ஸ் பள்ளியில் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்லியிருந்தார். போனால் வேலை இல்லை. ட்ரியெஸ்டுக்கு அனுப்பினார்கள். அங்கும் இல்லை. கடைசியில் போலாவில், ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படைத் தளத்தில், அதிகாரிகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. வாரம் 16 மணி நேரம், 2 பவுன் சம்பளம். 1905 மார்ச்சில் ட்ரியெஸ்ட். நடுவில் சில மாதம் ரோமில் வங்கி குமாஸ்தா. 1907ல் திரும்பி வந்து மறுபடி பெர்லிட்ஸ். அதே வருஷம் அதையும் விட்டு வீடு வீடாக டியூஷன். 1913லிருந்து ஒரு வணிகப் பள்ளியிலும் வகுப்பு. 1915ல் யுத்தம் ஸூரிச்சுக்குத் துரத்தியது, அங்கும் டியூஷன்தான். 1917ல் ஹாரியட் வீவரின் பணம் வர ஆரம்பித்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

பெர்லிட்ஸ் முறை 1878ல் அமெரிக்காவில் தொடங்கியது. வகுப்பில் மாணவனின் மொழிக்கு இடமில்லை, மொழிபெயர்ப்பு கூடாது. பென்சிலைக் காட்டி இது என்ன என்று கேட்க வேண்டும். இது பென்சில் என்று பதில் வரவேண்டும். இலக்கியம் தெரிந்த ஆசிரியர் வேண்டியதில்லை, அந்த மொழிக்குப் பிறந்தவனாக இருந்தால் போதும். நாக்குதான் மூலதனம். (எம்ப்ஸன் 1937க்குப் பிறகு, யுத்தத்தில் இடம்பெயர்ந்துகொண்டிருந்த சீனப் பல்கலைக்கழகத்தில், புத்தகமே இல்லாமல் ஞாபகத்திலிருந்து கவிதை நடத்தியதைச் சொல்வார்கள். அது பேராசிரியரின் சாகசம். ஜாய்ஸுக்கு வாய்த்தது பென்சில்.)

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இளம் கலைஞனைப் பற்றிய அந்த நாவலில் ஒரு இடம்: விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற புனலுக்கு ஸ்டீஃபன் ஒரு சொல்லைச் சொல்கிறான். இங்கிலீஷ்காரரான கல்லூரி டீனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. இந்த மொழியில் தான் வெறும் குடித்தனக்காரன், வீட்டுக்காரன் எதிரே நிற்கிறான் என்று ஸ்டீஃபனுக்கு அப்போது உறைக்கிறது. பிறகு அகராதியைப் பார்த்தால் அது நல்ல பழைய இங்கிலீஷ் சொல்தான். டீனின் மேல் எரிச்சல் வருகிறது. அடிமை தேசத்து மனோபாவம் என்று இதை விளக்குவது வழக்கம். சரிதான், ஆனால் போதாது. இதை எழுதியவர் தினமும் ட்ரியெஸ்ட் வியாபாரிகளின் வரவேற்பறைகளில் அதே மொழியின் வீட்டுக்காரனாக உட்கார்ந்து கூலி வாங்கிக்கொண்டிருந்தார். டப்ளினில் குடித்தனம், ட்ரியெஸ்டில் சொந்த வீடு. ஒரே நாக்குக்கு இரண்டு அந்தஸ்து. அந்தக் காட்சியின் கசப்பில் இந்த வேடிக்கையும் கலந்திருக்கிறது.

'இறந்தவர்கள்' கதையைப் பாருங்கள். 1907ல், பெர்லிட்ஸை விட்டு விலகிய அதே சமயத்தில் முடித்த கதை. பாஷைகளோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க பிரான்ஸ், பெல்ஜியம் என்று சைக்கிளில் போவதாகச் சொல்லும் கேப்ரியலிடம் மிஸ் ஐவர்ஸ், உன் சொந்த பாஷை ஐரிஷ் இருக்கிறதே, அதோடு தொடர்பு வேண்டாமா என்று மடக்குகிறாள். அது என் பாஷை இல்லை என்கிறான் அவன். பதில் நேர்மையானது, ஆனாலும் அந்த விருந்து முழுக்க அவனை அது அரிக்கிறது. எந்த பாஷை தன்னுடையது என்ற கேள்வியை ஜாய்ஸ் தத்துவமாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மாதாமாதம் வாடகை கொடுக்கும் நாளில் அது அவர் முன்னால் வந்து நின்றது.

இன்றைக்கும் இந்தச் சந்தை மாறிவிடவில்லை. தென்கொரியாவில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதற்கான விசா பெரும்பாலும் ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அயர்லாந்து அதில் உண்டு. இங்கிலீஷிலேயே படித்து, இங்கிலீஷிலேயே சண்டை போடும் நம்மூர் எம்.ஏ.க்கு அதே கதவு லேசில் திறக்காது. ஸ்டீஃபனின் பேரன் வீட்டுக்காரனாகிவிட்டான்; நாம் இன்னும் குடித்தனக்காரர்கள்.

டியூஷனால் ஜாய்ஸின் எழுத்து கெட்டது என்ற புலம்பலை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எட்டோரே ஷ்மிட்ஸ் என்ற மாணவர் இருந்தார். கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயின்ட் தயாரிக்கும் கம்பெனி. லண்டனிலும் தொழிற்சாலை, அதனால் இங்கிலீஷ் தேவைப்பட்டது. ஜாய்ஸைவிட இருபது வயது மூத்தவர். இடாலோ ஸ்வேவோ என்ற பெயரில் 1892லும் 1898லும் இரண்டு நாவல் வெளியிட்டு, யாரும் சீந்தாமல் எழுத்தை மூட்டை கட்டி வைத்தவர். ஜாய்ஸ் அவற்றைப் படித்துவிட்டு, முக்கியமாக 'ஸெனிலிடா'வை, மெச்சினார். பதிலுக்கு, எழுதிப் பாதியில் திணறிக்கொண்டிருந்த தன் நாவலின் சில அத்தியாயங்களைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். 1909 பிப்ரவரியில் ஷ்மிட்ஸ் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் எழுதிய கடிதம்தான் அந்த நாவலுக்கு வந்த முதல் உருப்படியான விமர்சனங்களில் ஒன்று. ஜாய்ஸ் மறுபடி எழுத உட்கார்ந்தார். ஸ்வேவோ 1923ல் 'ஸெனோவின் மனசாட்சி'யைக் கொண்டுவந்தபோது, பாரிஸில் அதற்காக ஆள் பிடித்ததும் இந்தப் பழைய வாத்தியார்தான். யூத வழக்கங்களைப் பற்றி இந்த மாணவரைக் குடைந்து கேட்டதெல்லாம் ப்ளூமுக்குள் போய்ச் சேர்ந்தது. எந்த வாத்தியார் எந்த மாணவனிடம் படித்தார் என்பது சொல்லத் தெரியாத வகுப்பு.

வடிவத்திலும் இது தெரிகிறது என்பது என் கட்சி. 'யுலிஸஸ்' நாவலின் பதினேழாம் பகுதி முழுக்கக் கேள்வி-பதில். ஞானோபதேச வினாவிடை என்பார்கள். ஜாய்ஸே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். சேசு சபைப் பள்ளியில் படித்தவருக்கு அது இயல்பு. ஆனால் அங்கே கேட்கப்படுவது கடவுளைப் பற்றி அல்ல. இழுப்பறையில் என்ன இருந்தது, குழாயில் தண்ணீர் எங்கிருந்து வந்தது: பென்சிலைக் காட்டிக் கேட்கிற வாத்தியாரின் கேள்விகள். அதற்கு முந்தைய பகுதியின் தேய்ந்த சொற்றொடர்களும் அப்படியே. அந்நிய மொழியை மனப்பாடம் செய்தவன் பந்தாவாகப் பேசுகிற இங்கிலீஷ் அது. பத்து வருஷம் காது கொடுத்துத் திருத்தியவனுக்குத்தான் அந்தத் தொனி கிடைக்கும். வீட்டிலோ குழந்தைகளோடு ட்ரியெஸ்டின் இத்தாலியன். பாரிஸுக்குப் போன பிறகும் அதுதான். இங்கிலீஷ் அவருக்கு ஊர்ப்பேச்சாக இல்லாமல், கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் வஸ்துவாகிவிட்டது. டப்ளினின் பேச்சு அத்தனை துல்லியமாக அந்தப் புத்தகத்தில் கேட்பதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம்.

இதற்குக் கூலி கொடுத்தது யார் என்று பார்க்கும்போது என் உற்சாகம் குறைகிறது. 1905 அக்டோபரில் தம்பி ஸ்டானிஸ்லாஸ் ட்ரியெஸ்டுக்கு வந்தார், வயது 20. அதே பெர்லிட்ஸில் வேலை. அண்ணன் குடும்பத்துக்கு வாடகையும் கடனும் கட்டினார். குடித்துவிட்டுக் கிடந்த அண்ணனைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தார். 1915ல் ஆஸ்திரியர்கள் அவரை யுத்தக் கைதியாக அடைத்தார்கள். அண்ணன் ஸூரிச்சுக்குப் போனார். விடுதலையான பிறகு தம்பி திரும்பியது ட்ரியெஸ்டுக்கும் வகுப்பறைக்கும்தான். அந்நிய நாட்டில் இங்கிலீஷ் வாத்தியாராகப் பிழைத்தவர் என்றால் உண்மையில் அது ஸ்டானிஸ்லாஸ்தான். ஜாய்ஸ் அதிலிருந்து தப்பித்தவர்.

ஜாய்ஸுக்கு ட்ரியெஸ்டில் 2004ல் வெண்கலச் சிலை வைத்தார்கள், கால்வாய்ப் பாலத்தின் மேல். ஸ்டானிஸ்லாஸ் 1955 ஜூன் 16 அன்று, 'யுலிஸஸ்' நடக்கிற அதே தேதியில், அந்த ஊரிலேயே இறந்தார். அண்ணனைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த நூல் முற்றுப்பெறாமல் 1958ல் வெளிவந்தது. அதில் ஜாய்ஸின் முதல் 22 வருஷங்கள்தான் இருக்கின்றன. ட்ரியெஸ்ட் வருவதற்கு முன்னாலேயே அது நின்றுவிடுகிறது.