ஆசாரியின் கால்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் பாரிவாக்கத்தில் இறங்கி, ஏரிப் பக்கம் திரும்பி, பாதி வீடும் பாதி வேலிகாத்தானுமாகக் கிடக்கும் மனைகளைத் தாண்டினால் நண்பரின் வீடு. காருக்கென்று போட்ட ஷெட்டில் கார் இல்லை. அது வேப்பமரத்தடியில் வெயில் காய்கிறது. உள்ளே நிற்பது ஒரு பெஞ்சு. உட்காரும் பெஞ்சு அல்ல, மரவேலை செய்யும் பெஞ்சு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், நான்கு அங்குலக் கனத்தில் தேக்கு. கீழே கோயில் சப்பரத்துக்குப் போடுவது போன்ற கால்கள்.

முதல் தடவை பார்த்தபோது எதையும் விளக்காமல், “தள்ளிப் பாருங்க” என்றார். இடுப்பைக் கொடுத்துத் தள்ளினேன். பின்னால் போனது நான்தான்.

எனக்கு உளி பிடிக்கத் தெரியாது. மரவேலையைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவே. அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: தச்சு வேலையில் வெட்டுவது பாதிதான். மீதிப் பாதி, பிடித்துக்கொள்வது. மரம் ஒரு நூல் நகர்ந்தால் எப்பேர்ப்பட்ட இழைப்புளியும் வெறும் கட்டைதான்.

நம் ஆசாரிகள் இதற்கு மேசை தேடிப் போகவில்லை. சின்ன வயதில் வீட்டு வாசலில் நிலைக்கதவு செய்தவர் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை மடக்கி, மறு பாதத்தால் சட்டத்தை அழுத்தி, கால் கட்டைவிரலை ஓரத்தில் முட்டுக்கொடுத்து உளியை வைப்பார். மரத்தைத் திருப்ப வேண்டுமா, கால் திருப்பும். இறுக்க வேண்டுமா, குதிகால் இறுக்கும். கொட்டாப்புளி விழும்போது பாதம் எங்கே இருக்க வேண்டும் என்பது அவர் கணுக்காலுக்கே தெரிந்திருந்தது. பூமி அவருடைய மேசை. கால் அவருடைய வைஸ்.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. ஜப்பானியத் தச்சர்களும் தரையில் உட்கார்ந்து காலால் மரத்தை அடக்கியவர்கள். ரோமானியர்களின் பெஞ்சு முழங்கால் உயரம்தான். வேலை செய்பவரே மரத்தின்மேல் உட்கார்ந்து தன் கனத்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் மூடிவிட்டுப்போன ஹெர்குலேனியத்துச் சுவரோவியம் ஒன்றில் இரண்டு சிறகு முளைத்த பாலகர்கள் அப்படியொரு குட்டை பெஞ்சில் மரம் அறுக்கிறார்கள். ஜெர்மனியில் சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டையின் கிணற்றிலிருந்து இரண்டாம் நூற்றாண்டு பெஞ்சே கிடைத்திருக்கிறது. பிற்பாடு ஐரோப்பியத் தச்சர் எழுந்து நின்றார். நின்றவுடன் கால் தரைக்குப் போய்விட்டது. மரத்தைப் பிடிக்க வேறொன்று வேண்டியிருந்தது. பெஞ்சின் கதை முழுக்க, காணாமல்போன அந்தப் பாதத்தைத் தேடிய கதை.

அந்தத் தேடலை அழகாக எழுதிவைத்தவர் ஆந்த்ரே ஜாக்கப் ரூபோ. பாரிசில் பிறந்த தச்சர், தச்சரின் மகன். 1769இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் பாகம் பாகமாக வெளிவந்த அவருடைய மரவேலை நூலில், இன்றைக்கும் உலகெங்கும் பார்த்துச் செய்கிற பெஞ்சின் படம் இருக்கிறது. கனத்த பலகை ஒன்று, கால் நான்கு, குறுக்குச் சட்டம், இரும்புக் கொக்கி. முன்னங்கால்களின் முகம் பலகையின் விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கும். நீளப் பலகையை நிறுத்தி ஓரம் சீவும்போது கால்களும் சேர்ந்து தாங்குவதற்காக. நண்பருடையதும் அந்தக் குடும்பம்தான். ஆனால் உடம்பு மெட்ராஸ்.

மரம் வந்த கதையைக் கேளுங்கள். சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசையிட்டு, அதன்மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் தளம் போடுவார்கள். வீடு இடிபடும்போது செங்கல் குப்பைக்குப் போகும், கட்டை பழைய மரக்கடைக்கு வரும். நண்பர் அப்படி வந்த எட்டுக் கட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றும் இழைத்தபின் மூன்று அங்குலம். எட்டையும் பக்கவாட்டில் சேர்த்தால் இரண்டடி. தலைமுறைக் கணக்கில் மொட்டைமாடி வெயிலைத் தாங்கிக் காய்ந்த மரம். இனிக் காய அதில் ஈரமில்லை. ஆணி இருந்த இடங்களில் இரும்பும் மரத்தின் சாறும் கலந்து கரிய கறை. அதை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. அம்மைத் தழும்பு மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் தேக்கு அப்படியொன்றும் கடினமான மரம் அல்ல. 0.444 அங்குல எஃகுக் குண்டைப் பாதி அளவு உள்ளே அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கும் ஜங்கா சோதனையில் தேக்கு ஏறத்தாழ 1,070 பவுண்டு. அமெரிக்கர்கள் பெஞ்சுக்கு விரும்பும் மேப்பிள் 1,450. இருந்தும் தேக்குக்கு இரண்டு குணம். கைதவறி விழுந்த நாற்காலிக் கால் அடிபடாது, பெஞ்சில்தான் பள்ளம் விழும். பெஞ்சுக்கு அதுதான் மரியாதை. இன்னொன்று, கத்திரி வெயிலில் மரம் சுருங்கி ஐப்பசி மழையில் ஊதும் நம்மூரில் தேக்கு அடக்கமாக இருக்கும். ஐரோப்பாவின் பீச் மரம் பச்சையிலிருந்து காயும்போது அகலவாக்கில் தேக்கைப்போல் இருமடங்குக்கு மேல் சுருங்கக்கூடியது.

குறையும் உண்டு. தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம், பசை பிடிக்க அடம்பிடிக்கும். அதனால் முதல் நாள் இழைத்து மறுநாள் ஒட்டுகிற வேலை ஆகாது. இழைத்த சூட்டோடு தின்னரில் துடைத்து, பசை தடவி, சாஷ் கிளாம்பில் இறுக்கியிருக்கிறார். அதற்கு முன்பு செய்ததுதான் எனக்குப் பிடித்த காரியம். எட்டுக் கட்டைகளையும் தரையில் பரப்பி, எது எந்தப் பக்கம் நாரோட்டம் என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்பி எண் போட்டார். ஒன்று மாறிப் படுத்திருந்தாலும் இழைப்புளி அங்கே நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். அந்த எட்டு எண்களும் இன்று பலகையின் அடியில் சுண்ணாம்புக்கட்டி எழுத்தில் இருக்கின்றன. குனிந்தால் தெரியும்.

மட்டம் பார்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரே அளவான இரண்டு நேர்க்குச்சிகள். ஒன்றைப் பலகையின் இந்த முனையில் குறுக்கே வைக்கிறார், மற்றதை அந்த முனையில். பிறகு குந்தி, ஒரு கண்ணை மூடி, முன்குச்சியின் விளிம்புக்கு மேலாகப் பின்குச்சியைப் பார்க்கிறார். முறுக்கு இல்லையென்றால் இரண்டும் ஒரே கோடு. இருந்தால் ஒரு மூலையில் மட்டும் பின்குச்சி நூல் கனம் எட்டிப் பார்க்கும். அந்த நூலுக்காக அவர் மூலைவாட்டில் இழைத்தது மூன்று நாள்.

கால்களைப் பலகையோடு சேர்க்க ஆணியும் இல்லை, போல்ட்டும் இல்லை. காலின் தலையில் நாக்குப்போலக் கூர் எடுத்து, பலகையில் அடித்த துளையில் இறக்கியிருக்கிறார். கால்களைக் கட்டும் குறுக்குச் சட்டங்களும் அப்படியே. அங்கேதான் ஒரு சூது. முளை அடிக்கும் துளையைக் காலில் ஓரிடத்திலும், கூரில் ஒன்றரை மில்லிமீட்டர் தோள்பட்டைப் பக்கமாகத் தள்ளியும் போடுவார்கள். கூராகச் சீவிய முளையை அடிக்க அடிக்க, அது இரண்டு துளைகளையும் ஒரே நேருக்குக் கொண்டுவரப் பார்த்து, சட்டத்தைக் காலுக்குள் இழுத்து உட்கார வைக்கும். பசை விட்டுப்போனாலும் முளை விடாது. அவர் அடித்தது மூங்கில் முளை. நம்மூர்க் கதவுகளில் எத்தனையோ காலமாக இருப்பதும் அதுதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல்ரூம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது வைஸில் தெரிகிறது. லேத்தில் தானே கடைந்த சதுர மரைத் திருகு. தாடை, வயசான பூவரசின் வைரம், சாக்லேட் நிறம். கைப்பிடி புளி, கொட்டாப்புளிக்கும் அம்மரம்தானே. ஒரு சுற்றுச் சுற்றினால் சத்தமில்லாமல் வந்து மரத்தைக் கவ்வும். பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் வரிசையாக. அதில் கருமானிடம் அடித்து வாங்கிய இரும்புக் கொக்கியைப் போட்டு, தலையில் ஒரு தட்டு. கொக்கியின் தண்டு துளைக்குள் சாய்ந்து இறுகிக்கொள்ளும், நுனி மரத்தை அமுக்கும். பின்பக்கம் ஒரு தட்டு, விட்டுவிடும். பார்த்தால் குதிகால் அழுத்திவிட்டு எடுத்த மாதிரியே இருக்கும்.

உயரம் 32 அங்குலம். அவர் கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பைத் தொடும். பாலிஷ் கிடையாது, வழுக்கினால் வேலைக்கு ஆகாது, லின்சீட் ஆயில் மட்டும். ஒரு கன அடி தேக்கு ஏறத்தாழ 18 கிலோ. பலகை நான்கு கன அடி, கால்களும் சட்டங்களும் சேர்ந்தால் ஏழு. இதற்குமுன் அவர் பிளைவுட்டில் செய்த மேசை, இழைக்கும்போதெல்லாம் சுவரை நோக்கி நடந்து போகுமாம்.

போன மழைக்காலத்தில் அவர் வீட்டுக் கதவின் அடிச்சட்டம் இற்றுப்போக, மாற்ற ஒரு பெரியவர் வந்திருந்தார். பழைய காலத்து ஆசாரி. நண்பர் ஆசையாக வைஸைச் சுற்றிக் காட்டினார். பெரியவர் உள்ளங்கையால் பலகையை ஒருமுறை தடவினார், குனிந்து முளைகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலில் கால் வைத்து பெஞ்சின்மேல் ஏறிக் குந்திக்கொண்டார். சட்டத்தைப் பாதத்தால் அழுத்தி, இழைப்புளியைத் தள்ளினார். சீவல் சுருள் சுருளாக வந்தது. பெஞ்சு கிணுக்கென்ற சத்தம்கூடப் போடவில்லை.

வேலை முடிந்து இறங்கியதும் நண்பரைப் பார்த்துச் சொன்னார்: “தரை மாதிரி நிக்குது சார். இவ்ளோ ஒசரம் எதுக்குன்னுதான் தெரியல.”