தனிப் பயணமும் சமூகப் பார்வையும்

தனியே ஊர் சுற்றுவோர் எழுதும் பயணக் கட்டுரைகள் இன்று பெருகியுள்ளன. நாம் படித்தவற்றுட் பலவற்றில் கந்தளாய், திருகோணமலைக் கடற்கரைக்குச் செல்லும் வழியிலுள்ள அழகிய குளம் மட்டுமே. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அக்குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதும், 1990களில் சீனித் தொழிற்சாலை மூடப்பட்டுத் தொழிலாளர் பிழைப்பிழந்ததும் அவர்தம் கண்ணிற் படுவதில்லை.

காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940இல் ஆவணப்படம் தந்த ஏ. கே. செட்டியாரும் தனியே பயணம் செய்தவர்தாம். ஆயின், தம் எழுத்தில் தம்மைப் பின்னிறுத்திக் கண்ட மக்களை முன்னிறுத்தினார். தனிமை குற்றமன்று, எங்குச் சென்றாலும் தன்னையே காண்பதுதான் குற்றம். கந்தளாய்க் கட்டில் நின்று படம் பிடிப்போர், அந்நீரை நம்பி நெல் விளைவிக்கும் உழவனிடம் ஒரு வார்த்தை பேசட்டும் என்பதே நாம் வேண்டுவது.