பங்குனி வெயிலுக்கு வசந்தா

பங்குனியில் தஞ்சாவூர்ப் பக்கம் வெயிலுக்கு ஒரு பொன்னிறம் வந்துவிடும். சம்பா அறுத்த வயலில் உளுந்து காய் முற்றிக் கிடக்கும், வேம்பு பூத்துக் கொட்டும், காவிரியில் தண்ணீர் வற்றி மணல் தெரியும். அந்த நாளுக்கு நான் கேட்பது வசந்தா ராகம். மாலை ராகம் என்பார்கள். எனக்கென்னவோ காலை பதினோரு மணி வெயிலில்தான் அது முழுசாக விரிகிறது.

வசந்தாவில் பஞ்சமம் கிடையாது. ஸட்ஜத்திலிருந்து மத்யமத்துக்கு ஒரே தாவு, காந்தாரத்துக்கு இறங்கி மறுபடி மத்யமம், அங்கிருந்து தைவதம். அந்த ஏற்றத்திலேயே மனசு தெளிந்துவிடும்.

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் ‘சீதம்மா மாயம்மா’ இந்த ராகம்தான். தீட்சிதரின் ‘ராமசந்த்ரம் பாவயாமி’யும் அப்படியே. ஆனால் என் உயிர், கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நடனம் ஆடினார்’. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர், மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். தில்லைக் கூத்தை நம் பேச்சுக்குப் பக்கத்துத் தமிழிலேயே பாடிவிட்டார். 14 அட்சர அட தாளம் அவசரப்படாமல் நடக்க, ஒவ்வொரு சொல்லும் நின்று காலூன்றி ஆடும். பாடகர் வேகம் கூட்டினால் எனக்குக் கோபமே வரும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகஸ்வரத்தில், கோயில் வெளிப் பிராகாரத்தில் கேட்டால் இன்னும் விசேஷம்.

சினிமாவையும் விட மாட்டேன். இளையராஜாவின் ‘அந்திமழை பொழிகிறது’ (1981), ரகுமானின் ‘மின்சாரக் கண்ணா’ (1999) இரண்டும் வசந்தாவின் வாரிசுகள். டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.