நான், நாங்கள், நாம்: மனநோயிலிருந்து மீண்டோர் எழுத்து ஒரு நோக்கு

தன்மைப் பன்மையைக் குறிக்கத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என இரு சொற்கள் வழங்குகின்றன. கேட்பவரையும் உளப்படுத்திப் பேசுவது 'நாம்'. அவரை விலக்கி நிறுத்திப் பேசுவது 'நாங்கள்'. தொடக்கப்பள்ளி மாணவரும் பிழையின்றிக் கையாளும் இவ்வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கு ஒரு சொல்லே இரு பணிகளையும் செய்கிறது. ஆகவே, ஒரு கூட்டத்தார் தம்மைப் பற்றி அம்மொழியில் எழுதும்போது, தம் வாயிலில் யாரை வரவேற்கின்றனர், யாரைத் தடுக்கின்றனர் என்பது சொல்லளவில் புலப்படுவதில்லை. பொருளை நுணுகி நோக்கியே அதனை உணர வேண்டும். மனநோயுற்று மீண்டோர் எழுதிய நூல்களை ஆராய்வார்க்கு இவ்விலக்கணக் குறிப்பு நல்லதொரு திறவுகோல்.

இவ்வகை எழுத்தில் இரு நூல்கள் தலையாயவை. ஒன்று, 1908ஆம் ஆண்டில் கிளிபர்ட் பியர்ஸ் வெளியிட்ட 'தன்னைக் கண்டறிந்த மனம்' என்னும் பொருள்படும் தன்வரலாறு. மற்றொன்று, 1978ஆம் ஆண்டில் ஜூடி சேம்பர்லின் வெளியிட்ட 'ஆன் அவர் ஓன்'. இரண்டும் அமெரிக்க நூல்கள். இடைப்பட்ட காலம் 70 ஆண்டுகள். முன்னது முற்றிலும் வாழ்க்கைக் கதை. பின்னது பாதி வாழ்க்கைக் கதை, பாதி ஆய்வு. நோயுற்றோர்க்கு நோயுற்று மீண்டோரே துணையாதல் என்னும் கருத்து எவ்வாறு முளைத்தது, எவ்வாறு மறக்கப்பட்டது, மீண்டும் எவ்வாறு தழைத்தது என்பதனை இவ்விரு நூல்களையும் ஒருசேரக் கற்பார் தெளிவாகக் காணலாம்.

பியர்சின் 'நான்'

பியர்ஸ் 1876ஆம் ஆண்டில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1900ஆம் ஆண்டில் தம் வீட்டுச் சாளரத்தின் வழியே குதித்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அதன்பின் 1903 வரை மூன்று மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டிருந்தார். அடியும் உதையும், கைகளை அசைக்கவொட்டாமல் கட்டும் இறுக்குச் சட்டையும், குளிர்ந்த சிற்றறையும் அவருக்கு அங்கே கிடைத்த 'மருந்துகள்'. அவற்றை அவர் விரித்துரைக்கும் பகுதிகள் நூலின் புகழுக்குக் காரணமாயின. உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் எழுதிய கடிதம் முன்னுரையாக அமைந்து அப்புகழைப் பெருக்கியது.

ஆயினும், நூலின் உயிர்நிலை அப்பகுதிகளில் இல்லை. தம்மைக் காண வரும் உறவினர் அனைவரும் வேடமிட்ட துப்பறிவாளர் எனப் பியர்ஸ் நெடுங்காலம் நம்பியிருந்தார். உடன்பிறந்த தமையனையும் அவ்வாறே ஐயுற்றார். மருத்துவர் எவராலும் அந்த ஐயத்தை அகற்ற இயலவில்லை. அதனை அசைத்தவர் அதே கூடத்தில் தங்கியிருந்த மற்றொரு நோயாளி. வெளியே சென்றுவர இசைவு பெற்றிருந்த அவர், பியர்சின் ஐயத்தை எள்ளவில்லை. மறுத்து வாதிடவும் இல்லை. தமையனாரின் முகவரியைப் பெயரேட்டில் தாமே பார்த்துவந்து கூறினார். பின்னர்ப் பியர்ஸ் அம்முகவரிக்கு ஒரு மடல் விடுத்தார். 'வருபவர் உண்மையான தமையனாயின் இம்மடலைக் கையோடு கொண்டுவருக' என்பது அதன் கருத்து. 1902ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமையன் அம்மடலோடு வந்து நின்றார். இரண்டு ஆண்டுகளாக இருண்டு கிடந்த மனத்தில் அன்று கதவு திறந்தது.

அந்த நோயாளி செய்தது யாது? ஐயத்தைப் பொய் என்று தள்ளாமல், அதனைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியைத் திறந்துவிட்டார். தாமும் அவ்விருளில் இருந்தவராதலின், ஐயுறுவோனிடம் எவ்வாறு பேசுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தோழமைத் துணை என்று இன்று பேசப்படுவதன் சாரம் முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

ஆனால் பியர்சின் நூல் அதனை ஒரு நிகழ்ச்சியாகவே கூறிக் கடந்துவிடுகிறது. அந்நண்பர் பெயரின்றி வந்து பெயரின்றி மறைகிறார். கதைத்தலைவன் ஒருவனே, அவன் 'நான்'. நூலின் பிற்பகுதி முழுவதும் அந்த 'நான்' பேரறிஞரையும் செல்வரையும் மருத்துவரையும் நாடிச் செல்லும் பயணமாக மாறுகிறது. 1908இல் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் தொடங்கிய மனநலச் சங்கமும், 1909இல் தொடங்கிய தேசியக் குழுவும் பெருந்தொண்டு ஆற்றின. மனநோயைப் பற்றிப் பொதுமக்கள் பேசத் தலைப்பட்டனர். இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நன்றன்று. எனினும் அவ்வமைப்புகளில் வழிநடத்தும் இடம் பெற்றோர் கற்றறிந்த சான்றோரே; கூடத்தில் உடனிருந்தோர் அல்லர். தம்மை மீட்ட கை எத்தகையது என்பதனைப் பியர்ஸ் எழுதினார். அந்தக் கையை அமைப்பாக்கும் எண்ணம் அவருக்கு எழவில்லை. 1939இல் அவர் தாமே மீண்டும் மருத்துவமனை புகுந்து, 1943இல் அங்கேயே மறைந்தார் என்பது நூலுக்குப் புறத்தே உள்ள செய்தியாயினும், மீட்சி என்பது ஒருமுறை எய்தி முடிவது அன்று என்பதனைப் படிப்போர்க்கு உணர்த்துகிறது.

படிக்கட்டில் கூடியோர்

பியர்ஸ் விட்ட இழையைப் பிறர் கையிலெடுத்தனர். 1937ஆம் ஆண்டில் சிக்காகோவில் ஆபிரகாம் லோ என்னும் மருத்துவர் 'ரெக்கவரி' என்ற அமைப்பைத் தொடங்கினார். தொடங்கியவர் மருத்துவரேயெனினும், நாளடைவில் கூட்டங்களை நடத்தும் பொறுப்பு நலம்பெற்றோர் கைக்கு வந்தது. 1940களில் நியூயார்க்கின் ராக்லண்ட் மருத்துவமனையில் இருந்த நோயாளர் சிலர் 'நாம் தனித்தவர் அல்லர்' என்னும் பொருள்படத் தம் குழுவிற்குப் பெயர் சூட்டினர். விடுதலைபெற்று நகருக்கு வந்தபின், கூடுவதற்கு ஓர் அறையும் இன்றி, நூலகப் படிக்கட்டுகளில் அவர்கள் கூடினர் என்பர். 1948இல் அன்பர் உதவியால் ஒரு வீடு வாய்த்தது. தோட்டத்தில் நீரூற்று இருந்தமையால் அது 'பவுண்டன் ஹவுஸ்' எனப் பெயர் பெற்றது. காலப்போக்கில் ஊதியம் பெறும் பணியாளரும் உறுப்பினரும் இணைந்து இயங்கும் நிறுவனமாக அது வளர்ந்தது. கூரை கிடைத்தது நற்பேறு. ஆனால் கூரையோடு ஒரு வினாவும் வந்தது: திறவுகோல் யார் கையில்?

சேம்பர்லினின் 'நாங்கள்'

இவ்வினாவை நேர்நின்று எழுப்பியது சேம்பர்லினின் நூல். 1966ஆம் ஆண்டில், 21 வயதில், கருச்சிதைவின் துயரால் சோர்ந்து தாமே மருத்துவமனையை நாடிய அவர், பின்னர் விருப்பத்திற்கு மாறாக ஐந்து திங்கள் அடைத்துவைக்கப்பட்டார். பியர்ஸ் அடியையும் கட்டையும் பேசினார். சேம்பர்லின் பேசியது வேறொன்று. தாம் எது சொன்னாலும் அது நோயின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது என்பதே அவருடைய குறை. சினந்தால் நோய், அழுதால் நோய், வாளாவிருந்தால் அதுவும் நோய். உடலை அடைப்பதினும் சொல்லைப் பறிப்பதே கொடிது என்னும் இக்கருத்து, மொழி பயிற்றுவோர் ஆழ்ந்து எண்ணத்தக்கது.

பின்னாளில் கனடாவின் வான்கூவர் நகரில் மீண்டும் நெருக்கடி நேர்ந்தபோது, மருத்துவர் அல்லாத எளியோர் நடத்திய ஒரு நெருக்கடிக்கால இல்லம் அவருக்குப் புகலிடமாயிற்று. அதே நகரில் 1971இல் தோன்றிய மனநோயாளர் சங்கத்தையும் அவர் தம் நூலில் ஆராய்கிறார். அச்சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் உறுப்பினர் எல்லார்க்கும் வாக்குரிமை உண்டு. ஒருங்கிணைப்பாளரை உறுப்பினரே தேர்ந்தெடுத்தனர். கூட்டு இல்லங்களையும் தாமே நடத்தினர்.

இவ்வமைப்புகளைச் சேம்பர்லின் மூவகையாகப் பகுப்பது நூலின் சிறந்த பகுதி. முதலாவது, தொழில்முறை வல்லுநரும் உறுப்பினரும் கூடி நடத்துவது. இங்கே கொடுப்போர், பெறுவோர் என்னும் பிளவு நீங்குவதில்லை. இரண்டாவது, துணை வேண்டும் எவரும், நோயுற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், சமநிலையில் இணைவது. மூன்றாவது, நோயுற்று மீண்டோர் மட்டுமே தமக்காகத் தாமே நடத்துவது. பிறர்க்கு அங்கே இடமில்லை.

தமிழ் இலக்கணம் ஈண்டுத் துணைக்கு வருகிறது. முதல்வகை 'நாங்கள்', 'நீங்கள்' என இரண்டுபட்டுப் பேசுவது. இரண்டாம் வகை 'நாம்' என்பது. மூன்றாம் வகை 'நாங்கள்' மட்டும். நூலின் பெயரில் உள்ள ஒற்றைச் சொல் இவற்றுள் எதனைக் குறிக்கிறது என்பதனை ஆங்கிலம் மறைத்துவிடுகிறது. ஆசிரியர் உள்ளம் மூன்றாவதன்பால் சாய்கிறது என்பது வாதப்போக்கால் விளங்கும்.

குறையும் நிறையும்

அச்சாய்வுக்குக் காரணம் உண்டு. நெடுங்காலம் பிறர் பேசக் கேட்டே இருந்தவர்கள், முதலில் தமக்குள் பேசிப் பழகவேண்டும். வல்லுநர் ஒருவர் அறையில் அமர்ந்திருந்தாலே எல்லாக் கண்களும் அவர் முகத்தை நோக்கும். 'நாங்கள்' என்று ஒரு காலம் ஒதுங்கி நில்லாதவர் 'நாம்' என்று கூறும் வலிமையைப் பெறுதல் அரிது.

எனினும் குறைகளும் உள. சேம்பர்லினின் சினம் நியாயமானது. ஆனால் சினம் எல்லா மருத்துவமனைகளையும் ஒரே நிறத்தில் தீட்டிவிடுகிறது. மருந்தால் பயன்பெற்றோர் குரல் நூலில் மெலிந்து ஒலிக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்து காக்கும் தாய்க்கும் மனைவிக்கும் இந்நூலில் உரிய இடம் இல்லை. துணைபுரிபவரே மீண்டும் நோயுறும்போது சுமை யார் தோளுக்கு மாறும் என்னும் வினாவும் போதிய அளவு ஆராயப்படவில்லை. ஆசிரியர் 2010இல் மறைந்தார். வினாவோ இன்னும் மறையவில்லை.

இவ்விடத்தில் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் ஒளிகாட்டும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயுற்றவரை மருத்துவம் செய்யப்படும் பொருளாகக் கருதாது, மருத்துவத்தின் ஒரு கூறாகவே, அதுவும் முதற் கூறாகவே எண்ணியது வள்ளுவரின் நுட்பம். இருபதாம் நூற்றாண்டின் பெரிய மனநல மருத்துவமனைகள் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் முழு இடமும் தந்து, முதலாவதையும் நான்காவதையும் மறந்தன. தோழமைத் துணையில் நிகழும் புதுமை, முதற் கூறும் நான்காம் கூறும் ஒருவரிடத்திலேயே ஒன்றுபடுவது. நேற்று நோயுற்றிருந்தவரே இன்று அருகிருப்பவர் ஆகிறார். இதனால் மருத்துவரும் மருந்தும் வேண்டாதவை ஆகிவிடுவதில்லை. நான்கும் சேர்ந்ததே மருத்துவம். சேம்பர்லினின் மூன்றாம் வகைக்கு இக்குறள் ஒரு திருத்தம். முதல் வகைக்கோ ஓர் எச்சரிக்கை.

மலேசிய, சிங்கப்பூர்ச் சூழல்

இந்நூல்கள் தொலைநாட்டுச் செய்தி என்று தள்ளத்தக்கவை அல்ல. மலேசியாவில் 1911இல் மனநோயாளர் மருத்துவமனை அமைந்த தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர், நூறாண்டு கடந்தும் வசைச்சொல்லாக வழங்குகிறது. சிங்கப்பூரில் 1928இல் தோன்றிய மருத்துவமனை 1951இல் உட்பிரிட்ஜ் எனப் பெயர்பெற்றது. 1993இல் புவாங்கோக் பகுதிக்கு இடம்மாறி மனநலக் கழகம் என்னும் புதுப்பெயரும் பூண்டது. பழம்பெயரோ ஏளனமாக மக்கள் நாவில் தங்கிவிட்டது. நிறுவனத்தின் பெயரை அரசு மாற்றலாம். வசையை மாற்றுவது மொழியை வழங்குவோர் கடமை. வகுப்பறையில் ஒரு மாணவன் மற்றொருவனை அவ்வூர்ப் பெயரால் அழைக்கும்போது, அதனைக் கேட்டுத் தலைகுனியும் மூன்றாமவன் ஒருவன் இருக்கலாம். அவன் அன்னையோ அண்ணனோ அங்குச் சென்று வந்திருக்கலாம்.

செய்யத்தக்கனவும் நிகழாமல் இல்லை. சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டு முதல், மனநோயிலிருந்து மீண்டோர்க்குத் தோழமைத் துணைவராகப் பயிற்சி அளிக்கும் திட்டம் நடந்துவருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் சமுதாய மனநலச் சேவை வகைகளுள் ஒன்றாகத் தோழமைத் துணையைக் கொண்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் சேம்பர்லினைக் கற்றவர் இங்கே ஒன்றை வினவாமல் இருக்க மாட்டார்: பயிற்சி பெற்ற துணைவர் நிறுவனத்தின் அணிகலனா, அன்றி முடிவெடுக்கும் மேசையில் வாக்குள்ள உறுப்பினரா? அம்மேசையில் ஒலிப்பது 'நாங்கள் உங்களுக்கு' என்பதா, 'நாம்' என்பதா?

தமிழ்ப் படைப்பாளர்க்கும் இதில் பங்கு உண்டு. கதையை முடிக்க வழியறியாதபோது தலைவியைப் பித்தாக்கி முடிப்பதும், பித்தர் வாயில் தத்துவத்தை ஏற்றிப் பேசவைப்பதும் சிறுகதைகளில் பழகிப்போன உத்திகள். முன்னதில் நோய் தண்டனையாகிறது, பின்னதில் அணியாகிறது. இரண்டிலும் நோயுற்றவர் மீண்டு வந்து, சந்தைக்குச் சென்று, வாடகை செலுத்தி, மற்றொருவர் கதவைத் தட்டி நலம் வினவுவதில்லை. பியர்சின் கூடத்தில் பெயரேட்டைப் புரட்டிய அந்தப் பெயரற்ற நண்பரைப் போன்ற ஒரு பாத்திரம் தமிழ்ச் சிறுகதையில் இடம்பெறுமானால், அது இலக்கியத்துக்கும் ஆக்கம்; வாழ்வுக்கும் ஆக்கம்.

சேம்பர்லினின் நூற்பெயரைத் தமிழில் பெயர்க்குமாறு உயர்நிலை மாணவர்க்கு ஆசிரியர் ஒரு பயிற்சி தரலாம். 'எங்கள் காலில் நாங்கள்' என்று சிலர் எழுதுவர். 'நம் காலில் நாம்' என்று சிலர் எழுதுவர். இரண்டுக்கும் நூலில் சான்று உண்டு. எதனைத் தேர்ந்தாலும், ஏன் தேர்ந்தனர் என்பதனை அவர்கள் விளக்கவேண்டும். அவ்விளக்கத்தைத் தேடும் முயற்சியில், இலக்கணப் பாடத்தோடு வேறொன்றும் அவர்கள் நெஞ்சில் பதியும்.